தைவானில் ஆங்கிலம் கற்பிக்கிறேன், வகுப்புக்குப் போகவே மனம் வரவில்லை. இது பர்ன்அவுட்டா, என் சோம்பலா?

சோம்பல் என்று நீங்களே எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். சோம்பல் இல்லை, பர்ன்அவுட், அதாவது வேலை ஆளையே வற்றவைத்துவிடுகிற களைப்பு. புஷிபான் வேலை, ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன, ஞாயிறு பின்னேரமே நெஞ்சு அடைக்கிறது என்கிறீர்கள். நானும் தைவானின் கவ்சியோங் நகரத்தில் இதே வேலையைப் பார்த்தவள். உங்களுக்கும் அனேகமாக மணித்தியாலக் கணக்கில்தான் சம்பளம், மாலை முழுக்க வகுப்பு, கைப்பேசியில் லைன் என்ற செயலியில் ஓயாமல் செய்தி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புஷிபான் என்பது பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் போகிற தனியார் வகுப்பு. ஓ/எல் பரீட்சை முடிக்கும்வரை நான் யாழ்ப்பாணத்தில் ரியூட்டரி ரியூட்டரியாக ஓடிய பிள்ளை, அதனால் அந்த உலகம் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. பள்ளியில் ஒரு முழுநாளை முடித்துவிட்டு, பசியோடும் கண்ணில் தூக்கத்தோடும் வந்து உட்காருகிற பிள்ளையை எனக்கு நன்றாகவே தெரியும். பிறகு குடும்பத்தோடு ஸ்காபரோவுக்கு வந்து, படித்து, கனடாக் கடவுச்சீட்டோடு தைவான் போனேன்.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. காலையில் சீஜின் தீவுக்குப் படகில் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவேன். அப்புறம் ஒரு ஆசிரியர் போய்விட்டார், அவருடைய வகுப்புகள் என் தலையில் விழுந்தன. வாரம் கிட்டத்தட்ட முப்பது மணித்தியாலம். முப்பதுதானே என்று கணக்குப் போடுகிறவர்கள், அது நின்றபடி, பாடியபடி, சத்தமாகப் பேசியபடி போகிற முப்பது என்பதையும், தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் ஒரு சதம் கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். சீனப் புத்தாண்டு விடுமுறையும் புயல் விடுமுறையும் எனக்குச் சம்பளமில்லாத நாட்கள். உடம்பு சரியில்லையென்று ஒரு நாள் வீட்டில் நிற்க நினைத்தாலும் அந்த நாளின் காசு கண்முன் வந்து நிற்கும்.

இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடியும். பத்து மணிக்கு மேலாளரிடமிருந்து லைன் வரும்: இன்ன பிள்ளையின் அம்மா, ஆசிரியர் இன்று சிரிக்கவில்லை என்கிறார், நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். பெற்றோர் வந்து பார்க்கிற நாள் என்றால் அதற்கு முந்தின வாரத்திலிருந்தே ஒத்திகை. எந்தப் பிள்ளையிடம் எந்தக் கேள்வி, அதற்கு என்ன பதில் என்று எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பது அங்கே பேச்சே இல்லை.

எனக்கு உண்மையில் பயம் வந்தது ஒரு சிறுமியால். விழுந்த பல்லைத் தாளில் சுற்றிக்கொண்டு, எனக்குக் காட்டவென்றே வகுப்புக்கு முன்னால் ஓடி வந்தாள். அவளைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எரிச்சல்கூட இல்லை, வெறுமை. பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிற ஆள் நான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்த ஒரு நிலை என்றுதான் வரையறுத்தது. மூன்று அடையாளங்கள்: வற்றிப்போன உடம்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். நடுவில் உள்ளதுதான் அந்தப் பல் விழுந்த சிறுமி விஷயத்தில் எனக்கு நடந்தது. வேலையால் வருவதை வேலையில்தான் திருத்தவேண்டும். தியானம் செய், நன்றாகத் தூங்கு, மலை ஏறு என்று எல்லோரும் சொல்வார்கள். மலை ஏறுவது நல்லதுதான், ஷோஷான் மலைக்கு நானும் போனேன், குரங்குகளையும் பார்த்தேன். திங்கட்கிழமை அதே முப்பது மணித்தியாலம் அப்படியே காத்திருந்தது.

எனவே நான் மணித்தியாலத்தைக் குறைக்கக் கேட்டேன். புஷிபான் ஆசிரியருக்கு வேலை அனுமதி நிலைக்க வாரம் 14 மணித்தியாலம் போதும். அதற்குக் கீழே போகாமல் குறைத்துக் கேட்பதில் சட்டத் தடை எதுவும் இல்லை. மேலாளர் முடியாது என்றார். விலகினால் அபராதம், கடைசி மாதச் சம்பளத்தில் பிடிப்போம் என்றார். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் தைவானின் தொழிலாளர் தரச் சட்டம் 26ஆம் பிரிவில், அபராதம் என்றோ நட்டஈடு என்றோ சம்பளத்தை முன்கூட்டியே பிடித்துவைக்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. 1955 என்ற தொழிலாளர் உதவி எண்ணுக்கு அழைத்தால் ஆங்கிலத்தில் கதைக்கலாம். நான் விலகி, நகரத் தொழிலாளர் அலுவலகத்தில் சமரசத்துக்கு விண்ணப்பித்தேன், சம்பளம் முழுதாக வந்தது. ஒப்பந்தத்தை மதிக்காதவள் என்று சிலர் சொல்லலாம். முன்னறிவிப்புக் கொடுத்து, வகுப்புக் குறிப்புகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனேன்.

பிறகு ஒரு சின்ன இடத்தில் சேர்ந்தேன். வாரம் பதினெட்டு மணித்தியாலம், எல்லாம் ஒரே தொடர்ச்சியாக, எட்டு மணிக்கு மேல் லைன் பார்க்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிச் சேர்ந்தேன். காசு குறைந்தது, உண்மைதான். அங்கே உள்ளூர் ஆசிரியர்கள் இடுப்பில் கட்டுகிற சின்ன ஒலிபெருக்கி ஒன்றை எனக்கும் வாங்கித் தந்தார்கள். அதற்குப் பிறகு என் தொண்டை கட்டவே இல்லை. ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் நினைப்பேன். அந்த இடத்தில்தான் பிள்ளைகளோடு மறுபடி சிரித்தேன்.

இரண்டு விஷயம் உங்களுக்கு அவசரமாகச் சொல்லவேண்டும். காலையில் பாலர் வகுப்பும் எடுங்கள் என்று கேட்டால் முதலில் உங்கள் வேலை அனுமதியில் அந்த இடத்தின் முகவரி இருக்கிறதா பாருங்கள். நான் இருந்த காலத்தில் பாலர் பாடசாலையில் வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்பிக்க அனுமதி இருக்கவில்லை. பரிசோதகர் வந்தால் பின்கதவால் போகச் சொல்வார்கள் என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள். நான் மறுத்தேன், அதற்காகவே மேலாளர் பல வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிடிபட்டால் நாட்டை விட்டுப் போகவேண்டியது ஆசிரியர்தான். அந்தப் பயத்தோடு வேலை செய்தால் யாரும் களைத்துத்தான் போவார்கள்.

அடுத்தது, அழுகை அடங்கவில்லை, தூக்கம் இல்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஷென்ஷின்க என்ற பிரிவு இருக்கும், மனநலத்துக்கானது. தேசியச் சுகாதாரக் காப்புறுதி அதற்கும் செல்லும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் கிடக்கிறது. சட்டத்துக்கு என் கடவுச்சீட்டு போதும். விளம்பரத் தாளுக்கு என் முகம் போதவில்லை. முதல் இடத்தில் எல்லா ஆசிரியர்களின் படமும் வாசலில் ஒட்டியிருந்தது, என்னுடையதைத் தவிர. ஒரு தந்தை என் முன்னாலேயே, இவர் உண்மையிலேயே கனடாவா என்று மேலாளரிடம் கேட்டார். அவர் பிள்ளைக்கு முழு வாக்கியம் பேச வந்தது என் வகுப்பில்தான். தைவான் மக்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பக்கத்து வீட்டு ஆச்சி எனக்கு வாரம் தவறாமல் பழம் வெட்டித் தந்தவர். நான் சொல்வது ஆங்கிலத்தை வெள்ளை முகத்தோடு சேர்த்து விற்கிற வியாபாரத்தை. அதுவும் களைப்பில் ஒரு பங்கு. எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. ஏபிசிடி சொல்லிக் குடுக்கிறதுக்கு என்ன களைப்பு பிள்ளை என்று பெரியம்மா தொலைபேசியில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

விலகுவதென்றே முடிவெடுத்தால் தேதியில் கவனமாக இருங்கள். ஒரு நாட்காட்டி வருடத்தில் 183 நாள் தைவானில் இருக்காதவருக்குச் சம்பள வரி பொதுவாக 18 வீதம். இருந்தவருக்கு 5 வீதத்தில் ஆரம்பிக்கும், கூடப் பிடித்தது திரும்ப வரும். ஜனவரியிலிருந்து அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் ஜூலை முதல் வாரம் தாண்டிக் கிளம்புங்கள்.