வேறு வரைபடத்தில் இருக்கும் தெருப் பெயர்களைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதினால் என்ன தவறு?

நீங்கள் கேட்டிருக்கிற தோரணையைப் பார்த்தால், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (சுருக்கமாக ஓஎஸ்எம், யார் வேண்டுமானாலும் வரையலாம், எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற பொது வரைபடம்) ஊரில் பாதித் தெருவுக்குப் பெயர் எழுதி முடித்த பிறகு யாரோ ஒருவர் "இதெல்லாம் எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று செய்தி அனுப்பியிருக்கிறார், அந்தக் கடுப்பில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "தெருப் பெயர் ஊர்ச் சொத்து, அதற்கு ஒரு கம்பெனி எப்படி உரிமை கொண்டாடலாம்" என்கிறீர்கள். நானும் இதையேதான் கேட்டேன், இதைவிடக் காரமான வார்த்தைகளில்.

2019-இல் நடந்தது. எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பேரூராட்சி. ஓஎஸ்எம்மில் அப்போது எங்கள் ஊர் என்றால் ஒரு மெயின் ரோடு, ஒரு கண்மாய், முடிந்தது. எனக்கு பெங்களூரில் வேலை, ராத்திரி தூக்கம் வராது, சரி ஊரையாவது வரைவோம் என்று உட்கார்ந்தேன். செயற்கைக்கோள் படத்தின் மேல் தெருக்களை வரைந்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. தன் பிங் படங்களைப் பார்த்து ஓஎஸ்எம்மில் வரையலாம் என்று மைக்ரோசாஃப்ட் 2010-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் வானத்திலிருந்து எடுத்த படத்தில் தெருவின் பெயர் தெரியாதே. பக்கத்து ஜன்னலில் ஒரு வணிக வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு (எது என்று சொல்லப்போவதில்லை, வம்பு வேண்டாம்) அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். மூன்று வாரம், 140 தெரு. சேமிக்கும்போது தகவலின் மூலம் எது என்று ஒரு கட்டம் கேட்கும். நான் அதில் அந்த வணிக வரைபடத்தின் பெயரையே எழுதியிருந்தேன். திருடப் போனவன் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்த கதை. எனக்கு அது திருட்டு என்றே தெரியாது, அதுதான் விஷயம்.

நாலாவது வாரம் ஓஎஸ்எம் ஆட்களிடமிருந்து செய்தி வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் மரியாதையாகப் பதில் எழுதவில்லை. கடைசியில் 140 பெயரும் போயின, பழைய பதிப்பைத் திறந்துகூடப் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை, சட்டம் படித்தவர்கள் கீழே வந்து திருத்தினால் சந்தோஷம். "இந்தத் தெருவின் பெயர் இது" என்ற ஒற்றைத் தகவல் யாருக்கும் சொந்தமில்லை, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஆயிரக்கணக்கான தகவலைக் காசு போட்டுத் திரட்டி அடுக்கி வைத்திருக்கிறானே, அந்த அடுக்குக்கு உரிமை உண்டு. ஐரோப்பாவில் 1996-லிருந்து தரவுத்தளத்துக்கென்றே தனி உரிமை இருக்கிறது. ஓஎஸ்எம் அறக்கட்டளை பதிவானது இங்கிலாந்தில். அதே இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற வாகன சேவை நிறுவனம், அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடங்களைப் பார்த்துத் தன் வரைபடங்களைப் போட்டு மாட்டிக்கொண்டு, 2001-இல் 2 கோடி பவுண்டு கொடுத்து சமரசம் செய்துகொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனியே தப்பவில்லை. ஓஎஸ்எம்மிடம் 2 கோடி பவுண்டுக்கு எங்கே போவது?

ஓஎஸ்எம் பிறந்ததே இந்த எரிச்சலில்தான். மக்கள் வரிப்பணத்தில் அளந்த வரைபடத்தை மக்களுக்கே விலைக்கு விற்கிறார்களே என்றுதான் 2004-இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் இதை ஆரம்பித்தார். யாரிடமும் எடுக்காமல் நாமே நடந்து அளப்போம் என்பதுதான் அன்றைய யோசனை. அதில் போய் நான் அடுத்தவன் வரைபடத்தைப் பார்த்து எழுதினால் என்ன அர்த்தம்? இது புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

ஆறு மாதம் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வீம்புக்கு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போனில் ஜிபிஎஸ் தடம் ஓடிக்கொண்டிருந்தது. செக்கடித் தெருவும் "செக்கடி 2வது தெரு"வும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, இரண்டையும் நான்தானே காப்பியடித்தேன். போய்ப் பார்த்தால் ஒரு தெருதான் இருக்கிறது. முனையில் இஸ்திரி போடுகிற அக்காவிடம் கேட்டேன். பெட்டியைக் கீழே வைக்காமலே, "ரெண்டாவது ஏது தம்பி? இருக்கறதே ஒண்ணு. அந்தப் பக்கம் போனா செவரு" என்றார். போனேன், சுவர்தான். அதில் கட்சிச் சுவரொட்டி, அதன் கீழே பாதி கிழிந்து பேரூராட்சிப் பலகை, அதில் "செக்கடித் தெரு" என்று மட்டும். பழைய கல்செக்கு இன்னும் கிடக்கிறது, அக்கா அதன் மேல்தான் துவைத்த துணி மூட்டையை வைத்திருந்தார். காப்பியடித்தவனைப் பிடிக்க வரைபடக் கம்பெனிகள் இல்லாத தெருவைச் சொருகி வைப்பதுண்டு என்பார்கள். இது அப்படியா, வெறும் பிழையா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் அதைத்தான் உலகத்துக்கே எழுதிக் கொடுத்திருந்தேன்.

நாலு நாளில் 90 தெருதான் முடிந்தது. அந்த 90-இல் 11 பெயர், நான் முன்பு பார்த்து எழுதியதிலிருந்து வேறுபட்டது.

இந்த இடத்தில் ஒரு புலம்பல், மன்னியுங்கள். கதவு எண். எங்கள் வீட்டுக்குப் பழைய எண் 14, புதிய எண் 31, போன வருடம் ஒருவர் வந்து ஸ்டென்சில் வைத்து 7/31 என்று நீல மையில் அடித்துவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்டால் "மேல சொன்னாங்க சார்". கூரியர்காரர் கடைசியில் போன் போட்டு "பிள்ளையார் கோயிலுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா" என்றுதான் கேட்கிறார். ஓஎஸ்எம்மில் கதவு எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எதை எழுதுவது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

சரி. "அப்போ நீ கூகுளுக்கு எதிரியா" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். இல்லை ஐயா, நானும் தினம் அதில்தான் வழி பார்க்கிறேன். உங்களுக்கு மளிகைக்கடை இருந்தால் முதலில் அதில் போடுங்கள், வாடிக்கையாளர் தேடுவது அங்கேதான். நான் சொல்வது கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதைப் பற்றி. கூகுள் மேப் மேக்கர் என்று ஒன்று 2008-இல் தொடங்கி, நம் நாட்டிலும் ஏகப்பட்ட பேர் அதில் ஊர் ஊராக வரைந்தார்கள், 2017 மார்ச் 31-இல் மூடிவிட்டார்கள். வரைந்தது அழியவில்லை, கூகுள் மேப்ஸிலேயே இருக்கிறது. ஆனால் வரைந்தவன் தன் ஊரை மட்டும் தரவாக எடுத்து வேறொரு வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது, பார்க்கத்தான் முடியும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் நிற்கிற தெருவைத் திரையில் தொட்டுக் குறிக்கிற மாதிரி ஒரு வரைபடத்தைத் தன்னார்வலர்கள் அவசரமாகப் போட்டார்கள். ஒவ்வொரு தெருவும் தனித்தனிக் கோடாக ஓஎஸ்எம்மில் இருந்ததால், யாரிடமும் கேட்காமல் எடுக்க முடிந்ததால், அது நடந்தது.

திறந்த தரவு என்றால் புனிதம் என்றும் சொல்லவில்லை. 2012-இல் ஓஎஸ்எம் உரிமத்தை மாற்றியபோது, ஒப்புக்கொள்ளாதவர்கள் வரைந்ததை எல்லாம் நீக்கினார்கள். போக்கிமான் கோ என்ற கைபேசி விளையாட்டு 2017-இல் தன் வரைபடத்தை ஓஎஸ்எம்முக்கு மாற்றிய பிறகு, பூங்கா இருந்தால் விளையாட்டில் பொம்மை கிடைக்கும் என்று பையன்கள் இல்லாத பூங்காவை எல்லாம் வரைந்து தள்ளினார்கள். பெரிய கம்பெனிகளும் எடுத்துக்கொள்கின்றன, எடுக்கட்டும், ஓஎஸ்எம் பெயரைப் போட வேண்டும், தரவைத் திருத்தி வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும்.

நீங்கள் நடந்து பார்த்துத் தெரிந்துகொண்ட பெயரை கூகுள், ஓஎஸ்எம் இரண்டிலும் எழுதலாம், அது உங்களுக்குத் தெரிந்தது, யாரும் கேட்க முடியாது. திரையில் பார்த்ததை மட்டும் எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால், எவையெவை என்று நீங்களே பட்டியல் எடுத்து அந்தச் செய்தி அனுப்பியவருக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்களாக அழித்தால் மேலோட்டமாகத்தான் போகும், பழைய பதிப்பில் உட்கார்ந்திருக்கும், அதை அவர்கள்தான் மறைக்க முடியும். முக்கியமாக, பதில் எழுதுங்கள். பேசாமல் இருந்துவிட்டுத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால் கணக்கை முடக்குவார்கள். நான் எழுதிய பதிலை வைத்துப் பார்த்தால் என்னை முடக்கியிருக்க வேண்டும், ஏதோ விட்டுவிட்டார்கள்.