பங்க்கில் பார்க்கும் ஆக்டேன் எண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

91 போதும் என்று சொன்ன வண்டிக்கு 95 போட்டால் இழுவை கூடுமா?

கூடாது. ஆக்டேன் எண் பெட்ரோலின் வீரியத்தைச் சொல்வதில்லை, அதன் பொறுமையைச் சொல்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக்கின் பொறியிலிருந்து கிளம்பும் தீ வந்து சேரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கும் திறன்தான் அது. லிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. எத்தனால் சேர்த்து எண்ணை உயர்த்தியிருந்தால் மைலேஜ் சற்றுக் குறையவும் செய்யலாம். எத்தனாலின் ஆக்டேன் 108 அளவில் இருந்தாலும், லிட்டருக்கு அது தரும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான்.

டர்போ எஞ்சின்கள் சிலவற்றின் கதை வேறு. 95 கிடைத்தால் இக்னிஷனை (பிளக் பொறி விடும் நேரத்தை) முன்னதாக வைக்க அவற்றின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்த வண்டிகளின் கையேட்டில் "குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95" என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒரே எண் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 87 போடுகிறார்கள். அது மட்டமான பெட்ரோலா?

இல்லை, அளவுகோல்தான் வேறு. ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சினில் பெட்ரோலை ஓட்டி, எளிதில் தானாகப் பற்றாத ஐசோ-ஆக்டேன், எளிதில் பற்றிவிடும் ஹெப்டேன் இரண்டின் கலவைகளோடு ஒப்பிடுவார்கள். 95 சதவீத ஐசோ-ஆக்டேனும் 5 சதவீத ஹெப்டேனும் சேர்ந்த கலவை எந்த இடத்தில் நாக்கிங் (பொறியின் தீ வந்து சேருமுன் தானாகப் பற்றி எழும் தட்டல்) அடிக்கிறதோ, அதே இடத்தில் அடித்தால் அந்தப் பெட்ரோல் 95. இந்தச் சோதனையை நிமிடத்துக்கு 600 சுற்றில், மிதமான சூட்டில் செய்தால் வருவது ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்). 900 சுற்றில், கலவையை 149 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிச் செய்தால் வருவது எம்ஓஎன் (மோட்டார் ஆக்டேன் நம்பர்). இரண்டாவது பெரும்பாலும் 8 முதல் 10 வரை குறைவாக வரும். ஐரோப்பா, இந்தியா உட்படப் பல நாடுகளில் ஆர்ஓஎன் எண்ணைச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். ஆக அங்கே 87 என்பது இங்கே சொல்லும் 91-க்குப் பக்கம். இறக்குமதி வண்டியின் கையேட்டைப் படிக்கும்போது எது எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடு ஏறும்போது தகர டப்பாவில் சில்லறை குலுங்குவது போல ஒரு சத்தம். பெட்ரோல் காரணமா?

இருக்கலாம். முதலில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். சத்தம் அடங்கினால் நாக்கிங் என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை ஒரு படி கூடிய ஆக்டேனை டேங்க் நிறையப் போட்டு, அதே மேட்டில் அதே வேகத்தில் ஏற்றிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் சந்தேகமே இல்லை. எந்த பெட்ரோல் போட்டாலும், சுமையே இல்லாமல் நின்றபடி ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் 'டிக் டிக்' கேட்டால் டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியைப் பாருங்கள்.

நாக்கிங் உறுதியான பிறகு, காலமெல்லாம் விலை கூடிய பெட்ரோலைப் போட்டுச் சத்தத்தை மறைப்பதில் அர்த்தமில்லை. நேற்றுவரை ஒத்துக்கொண்ட பெட்ரோல் இன்று ஒத்துக்கொள்ளாதது ஏன் என்று பாருங்கள். பிஸ்டன் தலையில் கார்பன் படிந்தால் எரியறை சுருங்கி அழுத்தம் கூடும். படிவின் விளிம்பும் தணலாகச் சுடும். கூலன்ட் குறைவு, காற்று அதிகமாகிப்போன கலவை, முன்னே தள்ளி வைத்த டைமிங் (பொறி விடும் நேரம்), சூடு தாங்கும் ரகம் மாறிய பிளக் என எதுவும் காரணமாகலாம். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுப் பொடி தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் நடந்துகொண்டிருக்கிறது. பளபளவென்று ஒட்டிய சிறு உருண்டைகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

95 கட்டாயம் என்ற காருக்குத் தவறி 91 நிரப்பிவிட்டேன். டேங்க்கை வடிக்க வேண்டுமா?

வேண்டாம். நாக் சென்சார் (நாக்கிங்கை உணரும் கருவி) இருக்கும் கார் டைமிங்கைப் பின்னே இழுத்துச் சமாளிக்கும். இழுவைதான் கொஞ்சம் மந்தமாகும். ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தாதீர்கள். டாப் கியரில் திணறவிடாதீர்கள். பாதி தீர்ந்ததும் 98 கிடைத்தால் அதை நிரப்புங்கள்: சரிபாதிக் கலவை சுமாராக 94.5 வரும். 95 மட்டுமே கிடைத்தால் 93. (டீசல் விழுந்துவிட்டதென்றால் பேச்சே வேறு. சாவியையே திருப்பாமல் வடித்துவிட வேண்டும்.)

ஆக்டேன் பூஸ்டர் புட்டிகள் வேலை செய்யுமா?

லேபிளில் "3 பாயின்ட் கூடும்" என்று போட்டிருந்தால் பல சமயம் 0.3 என்றுதான் பொருள். 91 போய் 91.3 ஆகும். மாங்கனீசு கலந்த ரகங்கள் பிளக்கில் செங்கல் நிறப் படிவை விடும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் ஆகாது. அந்தக் காசுக்கு அடுத்த ரகப் பெட்ரோலையே போட்டுவிடலாம்.