மாமரத்துப் புல்லுருவி: வெட்டுவதா, மருந்துக்கு வைத்திருப்பதா?

மாமரத்தில் புல்லுருவி என்ற ஒட்டுண்ணிச் செடி படர்ந்திருக்கிறது, சிலர் வெட்டச் சொல்கிறார்கள், சிலர் மருந்துச் செடி என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டிவிடுங்கள். மருந்துக்காக என்று மரத்தில் விட்டுவைக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு உண்டு. புல்லுருவிக்குப் பச்சை இலை இருப்பதால் அது தனக்கான உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரும் உப்புச் சத்தும் மரத்தினுடையவை. சித்திரை வெயிலில் மாவிலை சோர்ந்து தொங்கும்போதும் புல்லுருவி மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். அது ஒட்டிய இடம் கட்டி போல வீங்கும், அதற்கு மேலே உள்ள கிளை கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகும்.

அதைப் பரப்புவது பூக்கொத்தி என்ற சின்னக் குருவி. மொத்த நீளமே சுமார் 8 செ.மீ.தான். புல்லுருவியின் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். கொட்டையைச் சுற்றிப் பிசின் இருப்பதால் அங்கேயே ஒட்டி முளைத்துவிடும். அதனால் புல்லுருவியில் பழம் வருமுன் வெட்ட வேண்டும். செடியை மட்டும் ஒடித்தால் திரும்பத் தழையும். அதன் உறிஞ்சு வேர் கட்டைக்குள் இறங்கியிருக்கும், பட்டைமேலும் ஓடியிருக்கும். எனவே ஒட்டிய இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஓர் அடியாவது தள்ளி, கிளையோடு எடுங்கள்.

சரி, மருந்து. நாட்டு வைத்தியத்தில் புண்ணுக்கும் இரைப்புக்கும் மாதவிலக்குத் தொல்லைக்கும் புல்லுருவியைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் ஊர் வைத்தியர் தாத்தாவுக்கு ஒருமுறை சாலையோரத்திலிருந்து ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“எந்த மரத்துதுப்பா?” என்றார்.

“கவனிக்கலைங்க தாத்தா.”

“அப்ப தூக்கிப் போட்டுடு.”

அன்றைக்கு எனக்கு வருத்தம்தான். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் அவர் கேள்வியின் அருமை தெரிந்தது. மரத்தின் நீரோடு மரத்திலுள்ள பொருள்களும் ஒட்டுண்ணிக்குள் ஏறும். அரளியில் வளர்ந்த புல்லுருவியில், இதயத்தைத் தாக்கும் அரளி நஞ்சு இருப்பதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். நச்சு மரமான எட்டியில் வளர்ந்த ஒட்டுண்ணியும் அப்படித்தான் நஞ்சேறிப்போகும். பார்வைக்கு எல்லாம் ஒரே தடித்த இலை. சீன வைத்தியத்தில் இதே குடும்பத்துச் செடி ஒன்றுக்கு ‘முசுக்கொட்டை (மல்பெரி) ஒட்டுண்ணி’ என்ற பொருளில்தான் பெயரே இருக்கிறது. இந்தோனேசியாவிலும் மாமரத்தது, தேயிலைச் செடியினது என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே பொடியாக அரைத்து விற்பதை வாங்காதீர்கள். எந்த மரத்தில் நின்றது என்று பொடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மரத்ததாகவே இருந்தாலும் நீங்களாகக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. தேவைப்பட்டால் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கள் தோப்பில் கிளை வெட்டும் கவாத்து நடக்கும் நாளில் தாத்தாவுக்குச் சொல்லி அனுப்புவோம். தனக்கு வேண்டியதை, நாலு மாவிலையும் சேர்ந்திருக்கிற மாதிரி, ஒட்டிய கிளைத் துண்டோடு நறுக்கி எடுத்துப் போவார்.