கொலைக்குத்தான் சட்டம் இருக்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஆணவக்கொலையைத் தடுக்க தமிழ்நாடு தனிச்சட்டம் போடணும்னு எழுதியிருந்தீங்க. கொலைக்குத்தான் ஏற்கனவே சட்டம் இருக்கே, அதை ஒழுங்கா அமல்படுத்தினா போதாதா? சாதி மனசுல இருக்கு, சட்டம் போட்டா மாறிடுமா?

ஆர்., நாமக்கல்

அன்புள்ள தம்பி,

கொலைக்கு சட்டம் இருக்கு, ஆனா அது ஆள் செத்த பிறகுதான் வருது. விருத்தாசலம் பக்கத்துல கண்ணகி, முருகேசன் ரெண்டு பேரையும் விஷம் கொடுத்து கொன்னது 2003ல, கடலூர் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது 2021ல, தண்டனை வாங்கினவங்கள்ல போலீஸ்காரங்களும் இருந்தாங்க. நான் கேக்குறது அந்த ரெண்டு பேரும் உயிரோட இருந்தப்ப அவங்களைக் காப்பாத்தியிருக்கக்கூடிய சட்டம்.

சில வருஷம் முன்னாடி ஒரு ஜோடிக்கு துணையா ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரெண்டு பேரும் மேஜர். அந்தப் பொண்ணு பத்தாவது மார்க் ஷீட்டையும் ஆதாரையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்துச்சு, பாதுகாப்பு கேட்டு எழுதின மனுவை வாங்கி மேஜைல வெச்ச எஸ்.ஐ. செஞ்ச முதல் வேலை பொண்ணோட அப்பாவுக்கு போன் போட்டது. அரை மணி நேரத்துல ரெண்டு கார் வந்துச்சு. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாம்மா"ன்னு வெளிய கூட்டிட்டுப் போனாங்க. கவர் பெஞ்சுலயே கிடந்துச்சு. அந்தப் பையன் இன்னி வரைக்கும் அவளைப் பாக்கல.

2016லயே சென்னை ஐகோர்ட்டு இப்படிப்பட்ட ஜோடிகளைக் காப்பாத்த மாவட்டத்துக்கு ஒரு சிறப்புப் பிரிவு வைங்கன்னு சொல்லுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட்டு சக்தி வாஹினி வழக்குல பாதுகாப்பு இல்லம், 24 மணி நேர உதவி எண் எல்லாம் சொல்லி, சட்டம் வர்ற வரைக்கும் இதைக் கடைப்பிடிங்கன்னுச்சு. வர்ற வரைக்கும்னு சொன்னது அப்படியே நிக்குது. போலீசும் பொது அமைதியும் மாநிலத்தோட பொறுப்புதானே, அப்புறம் டெல்லியை எதுக்கு எதிர்பாக்கணும்? மேஜரான பொண்ணை அவ சம்மதம் இல்லாம வீட்டாள்கிட்ட ஒப்படைக்கிற அதிகாரிக்கு தண்டனைன்னு ஒரே ஒரு பிரிவு இருந்திருந்தா அன்னிக்கு அந்த எஸ்.ஐ. கை போனுக்குப் போயிருக்காது, நான் உறுதியா நம்புறேன்.

மனசு மாறுமான்னு கேட்டீங்க. சுயமரியாதைக் கல்யாணம் செல்லாதுன்னு 1950கள்ல ஐகோர்ட்டே சொல்லிடுச்சு, அப்படி கட்டிக்கிட்டவங்க, அவங்க புள்ளைங்க எல்லாரும் சட்டத்துக்கு வெளிய நின்னாங்க. ஊர் மனசு மாறட்டும்னு முதலமைச்சரா இருந்த அறிஞர் அண்ணா காத்திருக்கல, 1967ல சட்டசபைல இந்து திருமணச் சட்டத்துல 7ஏ பிரிவை சேர்த்தாரு, அதுக்கு முன்னாடி நடந்த கல்யாணமும் செல்லும்னு ஆச்சு. மத்திய சட்டத்துல மாநிலம் செஞ்ச திருத்தம்தான் அது. பொண்டாட்டியை அவங்க வீட்ல அடைச்சு வெச்சிருக்காங்கன்னு ஒருத்தர் போட்ட வழக்குல 2023ல சுப்ரீம் கோர்ட்டு இதே பிரிவை வெச்சுத்தான், ஊரைக் கூட்டி கல்யாணம் பண்ணணும்னு அவசியமே இல்லன்னு சொல்லுச்சு. 56 வருஷம் கழிச்சும் ஒரு ஜோடிக்கு அது கை கொடுக்குது தம்பி.

ஆணவக்கொலையைத் தடுக்கிற சட்டத்துக்குப் பரிந்துரை சொல்ல 2025 அக்டோபர்ல ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில தமிழ்நாடு அரசு ஆணையம் அறிவிச்சுச்சு. அங்க வலியுறுத்த வேண்டியது ஒண்ணு இருக்கு. 2012ல இந்திய சட்ட ஆணையம் தயாரிச்ச வரைவும் சரி, 2019ல ராஜஸ்தான் சட்டசபை பாஸ் பண்ண மசோதாவும் சரி, கல்யாண சுதந்திரத்தை மையமா வெச்சுத்தான் எழுதினது. நீங்க நாமக்கல்லேர்ந்து எழுதுறீங்க, 2015ல உங்க மாவட்டத்துல கோகுல்ராஜுக்கு கல்யாணமா ஆகியிருந்துச்சு? திருச்செங்கோடு கோயில்ல கூடப் படிச்ச வேற சாதிப் பொண்ணோட பேசிட்டு இருந்தான், அவ்ளோதான், மறுநாள் ரயில் தண்டவாளத்துல பொணமா கிடந்தான். பேசினதுக்கும் பழகினதுக்கும் சேத்துப் பாதுகாப்பு தர்ற மாதிரி சட்டம் எழுதணும், "திருமணம்"ங்கற வார்த்தையோட நிறுத்திட்டா கோகுல்ராஜ் அதுக்குள்ள வரவே மாட்டான்.