தனியே ஓட்டினால் பேசுகிறது, ஸ்கிரிப்டில் இருந்து அழைத்தால் ஊமையாகிறது

கேள்வி: சேர், வெல்லாவெளிப் பக்கம் ஒரு நெல் கொள்வனவுக் களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிறேன். மேடைத் தராசை யூஎஸ்பி கேபிள் மூலம் உபுண்டு போட்ட கணினியோடு இணைத்திருக்கிறோம். சிட்டை அடிக்கும் அச்சுப்பொறியும் அதே மாதிரிக் கேபிளில்தான். நகரத்தில் ஒருவர் சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி, தந்த நிரல் ஒவ்வொரு மூடையின் நிறையையும் ஒரு வரியாகக் காட்டும். மாதிரி வரி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். சி மொழியில் எழுதிய மூலக்கோப்பை அவர் தரவில்லை. அதை நான் ஒரு சின்னப் பைதன் ஸ்கிரிப்டில் இருந்து அழைத்து, நிறையைக் கோப்பில் எழுத விட்டிருக்கிறேன். நிரலைத் தனியே ஓட்டினால் மூடை வைத்ததும் நிறை திரையில் வருகிறது. ஸ்கிரிப்டில் இருந்து ஓட்டினால் ஒன்றுமே வராது. இருநூறு மூடைக்கு மேல் ஏறிய பிறகு எல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது. பொழுதுபட நிறுத்தும்போது கடைசியாக ஏற்றிய மூடைகள் பதிவில் இல்லை. சில நாள் காலையில் தராசே இல்லை என்று சொல்கிறது. நிரல் தந்தவர் தராசுக்குள் இருக்கும் போர்டு பழுது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றவேண்டாம். தராசில் பிழை இல்லை என்பதற்கு உங்கள் கேள்வியிலேயே சாட்சி இருக்கிறது. தனியே ஓட்டும்போது சரியாக வருகிறது என்கிறீர்கள். அதே தராசு, அதே கேபிள், அதே நிரல். மாறியது ஒன்றுதான்: நிரல் பேசும் இடம். முன்பு திரையோடு பேசியது, இப்போது உங்கள் ஸ்கிரிப்டோடு பேசுகிறது. இதைக் கேட்ட பிறகும் போர்டை மாற்றச் சொல்பவர், கேட்கவில்லை அல்லது போர்டு விற்கிறார்.

நடப்பது இதுதான். சி மொழியில் பிரிண்ட்எஃப் என்று எழுதினால் எழுத்து உடனே வெளியே போவதில்லை. முதலில் ஒரு பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், தங்குகிறது. வெளியே இருப்பது திரை என்றால் ஒவ்வொரு வரி முடியும்போதும் பஃபர் காலியாகும். வெளியே இருப்பது இன்னொரு நிரலுக்குப் போகும் பைப் என்றால், பஃபர் நிரம்பும்வரை ஒன்றும் நகராது. ஒவ்வொரு மூடையாகத் தோளில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும், உழவு இயந்திரப் பெட்டி நிரம்பினால்தான் வண்டி எடுப்பேன் என்று சாரதி நிற்பதற்கும் உள்ள வேறுபாடு. வேகத்துக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இது பழுது இல்லை.

லினக்ஸில் அந்தப் பெட்டியின் கொள்ளளவு பைப்புக்கு வழக்கமாக 4096 பைட். நீங்கள் அனுப்பிய மாதிரி வரியை எண்ணினேன்: கண்ணுக்குத் தெரிவது 16 எழுத்து, வரி முடிவுக்கு 2, மொத்தம் 18. 4096ஐ 18ஆல் வகுத்தால் 227க்குச் சற்று மேல். ஆகவே 228ஆவது மூடை ஏறும்போதுதான் முதல் 227ம் சேர்ந்து கொட்டும். நீங்கள் சொன்ன ‘இருநூறுக்கு மேல்’ இதுதான். மாலையில் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தும்போது, அரைகுறையாக நிரம்பிய பெட்டியில் இருப்பது அப்படியே அழிகிறது. நிரல் ஒழுங்காகத் தானே முடிந்தால் மட்டுமே மிச்சம் வெளியே வரும். கடைசி மூடைகள் காணாமல் போவதற்குக் காரணமும் அதுவே. போடியார் எண்ணிய மூடையும் உங்கள் சிட்டையும் ஒத்துவராவிட்டால் பழி உங்கள் தலையில்தான் விழும். ஆகவே இதைச் சரி செய்யும்வரை கொப்பியிலும் எழுதுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடச் சோதனை. டெர்மினலில் நிரலின் பெயரை அடித்து, ஓர் இடைவெளி, ஒரு செங்குத்துக் கோடு, இன்னோர் இடைவெளி, பின் கேட் என்று அடித்து ஓட்டுங்கள். கேட் என்ற கட்டளை வந்ததை அப்படியே திரையில் காட்டுவது மட்டும்தான். மூடை வைத்தும் திரை வெறுமையாக இருந்தால் பஃபர்தான் காரணம்; உங்கள் பைதன் மீதும் குற்றமில்லை.

தீர்வு ஒரே வரி. நிரலின் மூலக்கோப்பில், நிறையை அச்சிடும் பிரிண்ட்எஃப் வரிக்கு அடுத்த வரியில் எஃப்ஃப்ளஷ் என்று எழுதி, அடைப்புக்குள் எஸ்டிடிஅவுட் போட்டு, மறுபடி கம்பைல் செய்வது. இரண்டு நிமிட வேலை. ஆனால் உங்களிடம் மூலக்கோப்பு இல்லை, கம்பைல் செய்த நிரல் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தராசுக்கும், பெற்றோல் நிலையத்துக்கும், அரிசி ஆலைக்கும் மென்பொருள் செய்து தருவதாக வருகிற இடைத்தரகர்களில் பலர் கம்பைல் செய்ததை மட்டும் பென்டிரைவில் தந்துவிட்டு மூலக்கோப்பைப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். கணினி மாற்றினால் காசு, போர்ட் மாறினால் காசு, ஒரு வரி சேர்க்கவும் காசு. சிலர் நிரலை வேறு யாரிடமோ எழுதுவித்திருப்பார்கள். மூலக்கோப்பு அவர்களிடமே இருக்காது. ‘போர்டு பழுது’ என்ற கதை பெரும்பாலும் அப்படிப்பட்டவரிடமிருந்துதான் வரும். கொள்வனவு முறையும் இதற்குத் துணை: மூன்று விலைமனுக் கேட்பார்கள், விலை குறைந்ததை எடுப்பார்கள், மூலக்கோப்பு தரவேண்டும் என்ற ஒரு வரி அந்த விலைமனுப் படிவத்தில் இருக்காது. ஒரு வரி திருத்துவதற்குப் பிறகு இன்னொரு மூன்று விலைமனு. பெரும்போகத்து அறுவடை முடிந்துவிடும்.

இனி யாரிடம் வேலை கொடுத்தாலும் மிச்சக் காசைக் கொடுக்க முன் நான்கு பொருள் வாங்குங்கள்: மூலக்கோப்பு, அதைக் கம்பைல் செய்த முழுக் கட்டளை வரி, தராசின் தொடர்பு வேகமும் அமைப்பும் எழுதிய தாள், தராசுக் கையேட்டில் வரியின் வடிவம் சொல்லும் பக்கத்தின் பிரதி. அவர் முன்னாலேயே உங்கள் கணினியில் மறுபடி கம்பைல் செய்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் மிச்சக் காசு உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

இப்போதைக்கு மூலக்கோப்பு இல்லாமலே செய்யலாம். எஸ்டிடிபஃப் என்ற கட்டளை உங்கள் உபுண்டுவில் ஏற்கெனவே உண்டு. உங்கள் ஸ்கிரிப்டில் நிரலை அழைக்கும் பட்டியலில், நிரலின் பெயருக்கு முன் இரண்டு உறுப்புச் சேருங்கள்: முதலாவது எஸ்டிடிபஃப், இரண்டாவது -ஓஎல். ஆங்கிலத்தில் தட்டும்போது ஓ சிறிய எழுத்து, எல் பெரிய எழுத்து. மாறினால் வேலை செய்யாது. வரிக்கு வரி பஃபரைக் காலியாக்கு என்று பொருள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. எஸ்டிடிபஃப் மந்திரம் ஒன்றும் செய்வதில்லை. நிரல் தொடங்கும்போது அது பயன்படுத்தும் பொதுவான சி நூலகத்துக்கு முன்னால் தன் சிறு துண்டொன்றைச் செருகுகிறது, அவ்வளவுதான். நிரல் அந்த நூலகத்தைத் தனக்குள்ளேயே அடக்கி, ஸ்டாட்டிக் முறையில் கம்பைல் செய்யப்பட்டிருந்தால் செருக இடமில்லை. எச்சரிக்கையும் வராது, முன்போலவே ஊமையாக இருக்கும். ‘செய்து பார்த்தேன், சரிவரவில்லை’ என்று எழுதுபவர்களில் சிலரின் கதை இது. ஃபைல் என்ற கட்டளையை நிரலின் பெயரோடு அடித்துப் பாருங்கள். பதிலில் ஸ்டாட்டிக்கலி லிங்க்டு என்று இருந்தால் எஸ்டிடிபஃப்பை விட்டுவிடுங்கள். நிரல் தன் பஃபரைத் தானே அமைத்திருந்தாலும் இதே கதி; அதற்கு அடுத்துச் சொல்லும் வழியும் பலிக்காமல் போகலாம். ஸ்டாட்டிக் நிரல் என்றால் செய்யவேண்டியது அதை ஏமாற்றுவது: வெளியே இருப்பது திரைதான் என்று அதை நம்பவைப்பது. ஸ்கிரிப்ட் என்ற பெயரிலேயே ஒரு லினக்ஸ் கட்டளை உண்டு. அது போலி டெர்மினல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிரலை ஓட்டும். பைதனில் பிடிவை என்ற தொகுதி அதையே செய்யும். போலி டெர்மினல் வழியாக வரும் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக் கூடுதலாக ஒட்டிக்கொண்டு வரும். ஸ்ட்ரிப் போட்டு உதறிவிட்டே எண்ணாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் நிறை சரி, சிட்டையில் வரி மட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும், அதற்கும் ஒருவர் அச்சுப்பொறியை மாற்றச் சொல்வார்.

பைதன் பக்கத்தில் இரண்டு கவனம். சப்புரோசஸ் தொகுதியில் ரன் என்று அழைத்தால் நிரல் முடியும்வரை காத்திருக்கும். முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் தராசு நிரலுக்கு அது உதவாது. பிஓபன் என்று திறந்து வரிவரியாக வாசியுங்கள். பிழைச் செய்திகளுக்கும் தனிப் பைப் திறந்துவிட்டு அதை வாசிக்காமல் விடாதீர்கள்: லினக்ஸ் பைப் 65,536 பைட் நிறைந்ததும் நிரல் அப்படியே உறைந்துவிடும், அதுவும் பல நாள் கழித்து. பிழைச் செய்தியை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

காலையில் தராசு காணாமல் போவது தனிப் பிரச்சினை. லினக்ஸ் யூஎஸ்பி கேபிள்களுக்குக் கண்ட வரிசையில் டிடிவையூஎஸ்பி0, டிடிவையூஎஸ்பி1 என்று எண் கொடுக்கிறது. உங்களிடம் இரண்டு கேபிள். ஒரு நாள் அச்சுப்பொறியை முதலில் கண்டால் அது 0 ஆகிவிடும், நிரல் அச்சுப்பொறியிடம் நிறை கேட்டுக்கொண்டிருக்கும். டெவ் கோப்புறைக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே கேபிளின் சொந்தப் பெயரில், எண் மாறாத முகவரி இருக்கும். ஆனால் நீங்கள் வைத்திருப்பது மலிவான சிஎச்340 சிப் கேபிள் என்றால், அவற்றில் பெரும்பாலும் தனித் தொடரிலக்கம் இல்லை. இரண்டும் ஒரே பெயரில் மோதும். அப்போது பக்கத்திலுள்ள பை-பாத் கோப்புறையைப் பயன்படுத்துங்கள். அது கேபிளை அல்ல, கணினியின் துளையைக் குறிக்கும். தராசுத் துளைக்குச் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்துவிடுங்கள், கூட்டுகிறவர் கழற்றினாலும் அதே துளையில் மாட்டுவார்.

உபுண்டு 22.04 என்றால் இன்னொன்று. பிஆர்எல்டிடிவை என்ற, பார்வையற்றோருக்கான பிரெய்ல் மென்பொருள் சிஎச்340 கேபிளைத் தன்னுடையது என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். டிடிவையூஎஸ்பி தோன்றி உடனே மறையும். அந்தக் கணினியில் பிரெய்ல் கருவி பாவிப்பவர் இல்லையென்றால் அந்த மென்பொருளை நீக்குங்கள்.

இந்த முகவரியை நிரலிடம் எப்படிச் சொல்வது? நிரலின் பெயருக்குப் பின் போர்ட்டின் பெயரை ஏற்கும்படி எழுதியிருந்தால் நல்லது. ஸ்ட்ரிங்ஸ் என்ற கட்டளையால் நிரலுக்குள் தேடிப் பாருங்கள். டிடிவையூஎஸ்பி0 என்று உள்ளேயே பதித்து, வேறு பெயரை ஏற்க வழியும் வைக்காமல் இருந்தால் நிரலைத் தூக்கி எறிவதே மேல். உண்மையைச் சொன்னால், இந்த வேலைக்குக் கம்பைல் செய்த நிரலே தேவையில்லை. பைசீரியல் என்ற தொகுதியை நிறுவினால் பைதனே தராசை நேரே வாசிக்கும்: போர்ட்டின் முகவரி, வேகம் 9600 அல்லது உங்கள் தராசில் உள்ளது, காத்திருப்பு 1 வினாடி, பிறகு ரீட்லைன். பத்து வரி. எழுத்துகள் கிறுக்கலாக வந்தால் வேகமோ, பாரிட்டி என்ற பிழைச் சோதனை அமைப்போ ஒத்துவரவில்லை. தராசுக் கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள். பழைய நிரலையும் புதியதையும் ஒரே நேரத்தில் ஓட்டவேண்டாம். ஒரே போர்ட்டை இருவர் வாசித்தால் எழுத்துகள் இருவருக்கும் பங்குபோய், 68.40 கிலோ 6.4 ஆக வந்து நிற்கும்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். போர்ட்டுக்கு 777 அனுமதி, அதாவது எவரும் எதுவும் செய்யலாம் என்ற அனுமதி, கொடுக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்கவேண்டாம். கேபிளைக் கழற்றி மாட்டியதும் அது போய்விடும், மறுநாளும் அவரைக் கூப்பிடவேண்டும்.

தராசைத் திறக்கச் சொன்னால் இன்னொரு காரணத்துக்காகவும் மறுங்கள். வியாபாரத் தராசு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டுச் சட்டத்தின் கீழ் பரிசோதித்து முத்திரை குத்தப்பட்டது. போர்டை மாற்றப் போய் அந்த முத்திரை உடைந்தால் கொள்வனவுக் காலத்தின் நடுவில் மறுபடி பரிசோதனைக்கு அலையவேண்டியது நீங்கள், போர்டு விற்றவர் அல்ல. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் கம்பியில் தராசை நேரே செருகலாம் என்றும் ஒருவர் வருவார். தராசின் ஆர்எஸ்-232 கம்பியில் வருவது நேரும் எதிருமாக 3 முதல் 15 வோல்ற் வரை; ராஸ்பெரி பை தாங்குவது 3.3 வோல்ற். நடுவில் மேக்ஸ்3232 மாற்றி இல்லாமல் செருகினால் பை கருகும்.

எல்லாம் மாற்றிய பிறகு ஒரு சோதனை. ஐந்து மூடை ஏற்றுங்கள். ஐந்தாவது நிறை திரையில் வந்ததும் இன்னொரு டெர்மினலில் இருந்து கில் -9 கொடுத்து உங்கள் ஸ்கிரிப்டைக் கொல்லுங்கள். கோப்பைத் திறந்து எண்ணுங்கள். ஐந்து வரி இருக்கவேண்டும். குறைந்தால் இரண்டாவது பெட்டி ஒன்று இருக்கிறது: பைதன் கோப்பில் எழுதும்போதும் பஃபர் வைக்கும். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஃப்ளஷ் கொடுங்கள். மின்வெட்டுக்கும் தப்பவேண்டும் என்றால் அதற்குப் பின் ஓஎஸ் தொகுதியின் எஃப்சிங்க்கையும் கொடுத்துவிட்டு, மறுபடி ஐந்து மூடை ஏற்றுங்கள்.