கண்டிப்பான ஆட்சி வந்தா பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பா?

கேள்வி: ஐயா, நம்ம நாட்டுக்கு ஒரு பத்து வருஷம் சர்வாதிகாரம் தான் சரி. கண்டிப்பா ஒருத்தன் இருந்தா பொம்பளைங்க நடுராத்திரியிலயும் நகை போட்டு நடக்கலாம்ல? – ஒரு வாசகர், அரூர்.

பதில்: இதே கேள்வி அடிக்கடி வருதுங்க, எழுதறது எல்லாம் ஆம்பளைங்க தான், இதுவரைக்கும் ஒரு பொம்பளையும் கேக்கல.

ருமேனியாவுல சவுசெஸ்குன்னு ஒரு கண்டிப்பான சர்வாதிகாரி இருந்தாரு. ஜனத்தொகை ஏறணும்னு 1966ல கருக்கலைப்புக்குத் தடை போட்டாரு, நாலு புள்ள பெத்திருக்கணும் இல்ல 45 வயசு தாண்டணும், பெரும்பாலும் அப்ப தான் விலக்கு. 25 தாண்டியும் புள்ள இல்லன்னா தனி வரி வேற. பாலக்கோட்டுல விடிகாலையில கம்பெனி பஸ் ஏறி ஓசூர் போற நம்ம பொண்ணுங்கள நினைச்சுக்கங்க, ஷிஃப்ட்டுக்கு உள்ள போனா டாக்டர் ரூம் முன்னாடி லைன், நாள் தள்ளிப் போயிருக்கான்னு செக்கப், ஆமான்னா பேர் எழுதிக்குவாங்க, அப்புறம் அது கலைஞ்சா போலீஸ் வந்து ஏன்னு கேக்கும். அங்க 1980கள்ல ஃபேக்டரிங்கள்ல இது தான் நடந்துச்சு. திருட்டுத்தனமா கலைக்கப் போய் செத்தவங்க சுமார் 10,000 பேர். அப்ப பேப்பர்ல வராது, பேப்பரும் அவர் கையில.

நம்மூர்ல நடக்கலயான்னா, நடந்துச்சு. உங்க அரூர் பக்கம் வாச்சாத்தியில, 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறோம்னு ஃபாரஸ்ட், போலீஸ், ரெவின்யூ ஆளுங்க போய் ஊரயே ஆலமரத்தடியில உக்கார வெச்சு, 18 பொண்ணுங்கள ஏரிப் பக்கம் இழுத்துட்டுப் போய் நாசம் பண்ணாங்க. அரசாங்கம் அப்படி ஒண்ணும் நடக்கலன்னுச்சு. ஆனா மலைவாழ் மக்கள் சங்கம் விடல, சிபிஐ வந்துச்சு, அந்தப் பொண்ணுங்களே ஆள் அடையாளம் காட்டுனாங்க. 269 பேர் மேல கேஸ், 54 பேர் தீர்ப்புக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளின்னு 2011ல தருமபுரி கோர்ட் சொன்னுச்சு, 2023ல ஹைகோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. 19 வருஷம் இழுத்தது கேவலம் தான், பெருமையா சொல்லல. ஆனா நீங்க கேக்கற ஆட்சியில சங்கமும் கிடையாது கோர்ட்டும் கிடையாது, ருமேனியாக்காரிங்களுக்கு 23 வருஷம் கழிச்சு, 1989 டிசம்பர் 25 அவர சுட்டுக் கொன்னப்புறம், மறுநாள் தான் அந்தச் சட்டம் ஒழிஞ்சுது.

வாச்சாத்தி உங்களுக்குப் பக்கம் தானே, ஒரு எட்டு போய் அந்த அம்மாங்ககிட்ட இந்த நகைக் கதைய சொல்லிப் பாருங்க.