மார்பில் ஆறாத சீழ்க்கட்டி: ஸ்டீராய்டு சாப்பிடலாமா?

கேள்வி: வயது 33, எடை 60 கிலோ. உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். கடைசிக் குழந்தைக்கு மூன்று வயது. தாய்ப்பால் நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. இடது மார்புக் கட்டியை இரண்டு தடவை கீறிச் சீழ் எடுத்தும் புண் கசிந்துகொண்டே இருக்கிறது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை, 'கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ்' என்று வந்தது. பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, தினம் 30 மி.கி. எழுதியிருக்கிறார்கள். உடம்பு ஊதிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். பேசாமல் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கத்தி வேண்டாம். இது பால் கட்டி வரும் சாதாரணச் சீழ் அல்ல. பால் சுரப்பிகளைச் சுற்றி உடம்பின் எதிர்ப்புச் செல்களே திரண்டு உண்டாக்கும் அழற்சி. அதனால்தான் கீறிய இடம் மூடாமல் புரை வைக்கிறது. மறுபடி சீழ் கோத்தால் ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையைத் தொடங்குமுன் டி.பி. இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். மார்பில் டி.பி. வந்தாலும் இதே கட்டி, இதே புரைதான். அதற்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் முதலில் வீக்கம் வற்றியது போலத் தெரியும். உள்ளே நோய் பரவும். முன்பு எடுத்த சதை முழுவதும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் மருந்துத் திரவம்) போயிருந்தால் அதில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, செய்ய முடியாது. புதிதாகச் சீழ் எடுத்து, ஃபார்மலின் படாத சுத்தமான குப்பியில் அனுப்ப வேண்டும். மதுரை பெரியாஸ்பத்திரியில் டி.பி. ஜீன் பரிசோதனை இலவசம். அதே சீழில் கோரினிபாக்டீரியம் கிருமியையும் தேடச் சொல்லுங்கள். அது மெதுவாக வளரும், லேபுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் தவறிவிடும். இருந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து சேரும். நெஞ்சு எக்ஸ்ரே, சர்க்கரை, பி.பி., மஞ்சள் காமாலை பி பரிசோதனை, பூச்சி மாத்திரை எல்லாம் முதலிலேயே முடியட்டும்.

30 மி.கி. என்பது உங்கள் எடைக்குக் கிலோவுக்கு அரை மில்லிகிராம். சரியான அளவுதான். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாகப் போடுங்கள். சில வாரங்களில் வலியும் சிவப்பும் தணியும். பலரும் அங்கேதான் நிறுத்திவிட்டு, திரும்பக் கட்டியோடு வருகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, பி.பி. இறக்கம் வரலாம். டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். முகம் உப்பினாலும், அளவு குறையக் குறைய வடிந்துவிடும்.

ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாவிட்டால், அல்லது குறைக்கும்போது நோய் திரும்பினால், மெத்தோட்ரெக்சேட் என்ற, எதிர்ப்புச் செல்களை அடக்கும் மாத்திரை உண்டு. பொதுவாக 10 முதல் 15 மி.கி., அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். ஞாயிறு என்றால் ஞாயிறுதான், காலண்டரில் குறித்து வையுங்கள். தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் ஆசிட் வேறொரு நாளில். ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனை தவறக்கூடாது. இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது. நிறுத்திய பிறகும் குறைந்தது 6 மாதம் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் இருக்கும் கேஸ் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பான்டபிரசோலோடு டாம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருந்தால் அது புரோலாக்டின் என்ற பால் சுரக்கவைக்கும் ஹார்மோனைக் கூட்டும், பால் சுரப்பியைத் தூண்டும். டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மனநல மாத்திரைகள் சிலவும் அப்படித்தான், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது பால் வற்றுவதற்கு. கசியும் புண்மேல் பூவோ பற்றோ வேண்டாம்.

மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் கட்டி சுருங்கவில்லை, அல்லது புதிதாகக் கட்டியோ அக்குளில் நெறியோ தட்டுப்படுகிறது என்றால், பழைய ரிப்போர்ட்டை நம்பியிராமல் சதைப் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள்.